கப்பலில் வாசிக்க ஏஜென்ட்டிடம் பணம் கட்டலாமா?

கேள்வி: மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். மகள் வயலின், என் அண்ணன் மகன் பியானோ. இருவரும் மேற்கத்திய இசையில் எட்டாம் கிரேடு முடித்தவர்கள். சர்ச்சிலும் கல்யாண வரவேற்புகளிலும் சேர்ந்து வாசிக்கிறார்கள். உல்லாசக் கப்பலில் இருவருக்கும் வேலை வாங்கித் தர ஒரு ஏஜென்ட் ஆளுக்கு 2.5 லட்சம் கேட்கிறார். முன்பணம் 50,000 ரூபாயும் ஒரிஜினல் பாஸ்போர்ட்டும் இந்த வாரமே வேண்டுமாம். பியானோ பக்கவாத்தியம்தான் என்பதால் பையனுக்குச் சம்பளம் குறைவாம். நம்பலாமா?

பதில்: அந்த 50,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்.

இப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறது. ஏமாற்றுகிறவர்களுக்கு அதுதான் வசதியாகப் போய்விட்டது. பெரிய உல்லாசக் கப்பல்களில் மாலை நேரம் லாபியிலும் லவுஞ்சிலும் வாசிக்க வயலின்-பியானோ ஜோடிகளை எடுக்கிறார்கள். சில மாத ஒப்பந்தம், சாப்பாடும் தங்குமிடமும் கப்பலிலேயே. நல்ல அனுபவம், கொஞ்சம் காசும் சேரும். ஆனால் எடுப்பதற்கு முன் வாசிப்பைக் கேட்பார்கள். உங்கள் ஏஜென்ட் பிள்ளைகளை ஒரு தடவையாவது வாசிக்கச் சொன்னாரா? வீடியோ கேட்டாரா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. கேட்டதெல்லாம் பணமும் பாஸ்போர்ட்டும்தான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி கப்பலில் எந்த வேலை பார்ப்பவரும் கடல் தொழிலாளர்தான், வயலின் வாசிப்பவரும் அதில் அடக்கம். வேலை தேடித் தந்ததற்காக அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஏஜென்ட்டின் கூலியைக் கப்பல் கம்பெனி கொடுக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஏமாற்றுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் நடப்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். பாஸ்போர்ட் எடுக்கும் செலவு, சிடிசி என்று எல்லோரும் சொல்லும் கடலோடிப் புத்தகத்தின் செலவு, மருத்துவச் சான்றிதழ் செலவு, இந்த மூன்றும் உங்களுடையவை. பாஸ்போர்ட் கட்டணம் அரசுக்குப் போகிறது. சிடிசி கட்டணமும் அரசுக்கே. மருத்துவச் சான்றிதழை மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம் அங்கீகரித்த டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும், அந்தப் பணம் டாக்டருக்கு. தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவி என்று அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி முடிக்கச் சொல்வார்கள். அந்தக் கட்டணத்தை அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்திலேயே கட்டி, பிள்ளைகள் பெயரில் ரசீது வாங்குங்கள். இந்தச் செலவுகளில் எதுவும் ஏஜென்ட் கைக்குப் போக வேண்டியதில்லை, கவனியுங்கள். ‘எல்லாம் சேர்த்துத்தான் சார் இரண்டரை லட்சம்’ என்று அவர் சொன்னால், ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். விசா செலவு என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். விசாவுக்குக் கப்பல் உரிமையாளர்தான் செலவழிக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கை தனியாக எழுதி வைத்திருக்கிறது.

அடுத்து உரிமம். கப்பலுக்கு ஆள் எடுக்க ஆர்பிஎஸ்எல் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஏஜென்ட் காட்டும் ஜெராக்ஸை வைத்து முடிவு செய்யாதீர்கள். பட்டியலில் உள்ள முகவரிக்கு நீங்களே மெயில் போட்டு, ‘மதுரையில் இன்னார் உங்கள் ஆளா, எங்கள் பிள்ளைகளின் பெயர் உங்களிடம் இருக்கிறதா’ என்று கேளுங்கள். ‘நான் மும்பை கம்பெனிக்கு சப்-ஏஜென்ட்’ என்று சொல்லி ஊருக்கு ஊர் வசூல் செய்பவர்களுக்கு அந்த உரிமம் ஒட்டாது. வளைகுடா வேலைக்கு ஆள் அனுப்பும் உரிமத்தைக் காட்டினாலும் ஏமாறாதீர்கள். அது வெளியுறவுத் துறை தருவது, நிலத்து வேலைக்கு. கப்பல் வேறு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இரண்டு துறைகளும் ஒரு பக்கத் தமிழ் அறிவிப்பை ரயில் நிலையத்தில் ஒட்டினால் எத்தனையோ குடும்பங்கள் நகையை அடகு வைக்காமல் தப்பிக்கும். ஒட்டுவதில்லை. புகாரோடு போனால் இது எங்களுடையதில்லை என்று ஒருவரை ஒருவர் கை காட்டுகிறார்கள். பெற்றோர் அலைய வேண்டியிருக்கிறது.

சம்பள விஷயம். பியானோ பக்கவாத்தியம் என்பது இந்த இசையே தெரியாதவர் பேச்சு. வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட உருப்படியான பீத்தோவனின் க்ராய்ட்சர் சொனாட்டா 1805-ல் அச்சானபோது தலைப்பில் பியானோதான் முன்னால் வந்தது, வயலின் அதற்குப் பிறகு. வயலின் மேதை யெஹூதி மெனுஹினும் பியானோ வாசித்த அவருடைய தங்கை ஹெப்சிபாவும் பல வருஷம் ஜோடியாக மேடையேறினார்கள். ஹெப்சிபாவைப் பக்கவாத்தியக்காரர் என்று யாரும் தள்ளி வைக்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கும் சம சம்பளம் எழுத்தில் வர வேண்டும். ஜோடியாக எடுத்தாலும் ஒப்பந்தம் பெரும்பாலும் ஆளுக்கொன்றாகத்தான் வரும். ஒருவர் உடம்பு சரியில்லாமல் பாதியில் இறங்கினால் மற்றவருக்கு வேலை தொடருமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

அப்புறம், எட்டாம் கிரேடை மட்டும் நம்பிப் போக முடியாது. தேர்வுக்கு ஒரு வருஷம் முழுக்க மூன்று உருப்படிகளையே தேய்க்கப் பழக்குகிறார்கள். கப்பலில் ஒரு மாலைக்கு 45 நிமிட செட் மூன்று, நான்கு வாசிக்க வேண்டியிருக்கும். அடுத்த நாள் அதே ஆட்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். நீண்ட சொனாட்டாக்களுக்கு அங்கே இடமில்லை. சின்னச் சின்ன செவ்வியல் உருப்படிகள், வால்ட்ஸ், டாங்கோ, பழைய ஆங்கிலப் படப் பாடல்கள், இவை கைவசம் நிறைய இருக்க வேண்டும். நோட்டை வைத்தவுடன் பார்த்து வாசிக்கும் பழக்கமும் வேண்டும்.

ஆகவே ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு ஒரு வீடியோ எடுங்கள். இருவரின் கைகளும் முகமும் தெரிய வேண்டும். வெட்டி ஒட்டாமல் ஒரே டேக்கில், ஒரு செவ்வியல் உருப்படி, ஒரு மெதுவான பாட்டு, ஒரு துள்ளல் போதும். பையனைச் சின்னக் கீபோர்டில் உட்கார வைக்காதீர்கள். 88 கட்டை உள்ள, அழுத்தினால் கனம் தெரிகிற பியானோ சர்ச்சில் இருந்தால் அனுமதி கேட்டு அங்கேயே எடுத்துவிடுங்கள். பட்டியலில் உள்ள நிறுவனங்களில் இசைக் கலைஞர்களை எடுப்பவர்கள் யார் என்று விசாரித்து, அந்த வீடியோவை நேராக அனுப்புங்கள். இருவருக்கும் 21 வயது ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. பல கம்பெனிகள் அதற்குக் கீழே எடுப்பதில்லை.