பட்டறை கேள்வி பதில்: பாக்ஸ் ஜாயிண்ட் ஜிக்குல பாக்க வேண்டியது மூணே மூணு அளவு

பெட்டி மூலையில ரெண்டு பலகையையும் விரல் விரலா வெட்டி, கை கோத்த மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு இறக்குறதுதான் பாக்ஸ் ஜாயிண்ட். பிட்டோ பிளேடோ வெட்டுற பள்ளம் காடி, விரலெல்லாம் ஒரே அளவா விழ பலகையைத் தாங்கி நகர்த்துற சட்டம் ஜிக், வெட்டின காடியை மாட்டி அடுத்த காடிக்கு இடம் காட்டுற அதோட துண்டு கீ. அப்படி வீட்டுலயே ஜிக் செஞ்சவங்க எழுதின கேள்விங்கதான் இந்த மாசம் முழுக்க.

அண்ணா, ட்ரிம்மரை (பிட்டைச் சுத்த வச்சு காடி வெட்டுற சின்ன கை ரௌட்டர்) கவுத்து மாட்டி ஒரு குட்டி ரௌட்டர் டேபிள் செஞ்சேன், அதுல பாக்ஸ் ஜாயிண்ட் ஜிக்கும் போட்டுட்டேன். 6 எம்எம் ஸ்ட்ரெய்ட் பிட், கீக்கு 6 எம்எம் ப்ளைவுட் துண்டு. முதல் ரெண்டு விரல் அழகா உக்காருது, போகப் போக முட்டுது, கடைசி விரல் ஒரு எம்எம்முக்கு மேல தள்ளி நிக்குது. அளவெல்லாம் சரியாத்தான் வச்சேன், எங்க தப்பு?
*வாசகர், திருப்பூர்*

தம்பி, தப்பு அந்த ப்ளைவுட் கீயில. 6 எம்எம்னு சொல்லி விக்கிற ஷீட்டை வெர்னியர்ல பிடிச்சுப் பாருங்க, நிறைய ஷீட் 6-க்குக் கீழதான் நிக்கும், அந்தப் பக்கம் பிட் லேசா ஆட்டம் போட்டுச் சுத்தும்போது காடி 6-ஐ விட கொஞ்சம் பெருசாத்தான் விழும். காடி 6.1, கீ 5.7-ன்னு வச்சுக்குவோம். 0.4 எம்எம் சந்து. வெட்டின காடியை கீ மேல மாட்டி அடுத்ததை வெட்டுறப்போ பலகை அந்த சந்துக்குள்ள இடது பக்கம் சாஞ்சும் உக்காரலாம், வலது பக்கம் சாஞ்சும் உக்காரலாம். ஒரு பலகையை முழுக்க இடது பக்கம் தள்ளி வெட்டி இன்னொண்ணை வலது பக்கம் தள்ளி வெட்டினா, நாலு தடவை நகர்த்துறதுக்குள்ள 1.6 எம்எம் வித்தியாசம் வந்துடும். உங்க கடைசி விரல் தள்ளி நிக்கிறது இதனாலதான்.

இந்த ஜிக்குல பாக்க வேண்டியது மூணே மூணு அளவு: காடியோட அகலம், கீயோட அகலம், கீக்கும் பிட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. காடியை பிட் முடிவு பண்ணுது, அதுல நம்ம கைக்கு ஒண்ணும் வேலை இல்ல. கீ அந்தக் காடிக்குள்ள ஆடாம உக்காரணும். இடைவெளிதான் விரலோட தடிமன். நோய் எதுன்னு வெட்டின துண்டே சொல்லிடும், எல்லா விரலும் ஒரே மாதிரி டைட்டா இருந்தா (இல்ல ஒரே மாதிரி லூசா இருந்தா) இடைவெளி சரியில்ல, விரலுக்கு விரல் மாறுச்சுன்னா கீ சரியில்ல, இல்லன்னா வெட்டுறப்போ பலகை நகருது.

அதனால கீயை பிட் டப்பாவுல போட்டிருக்கிற அளவுக்கு செய்யாதீங்க. முதல்ல ஒரு வேஸ்ட் துண்டுல ஒரு காடி வெட்டுங்க, அந்தக் காடிக்கு கீயை செய்யுங்க. தேக்கோ வேங்கையோ ஒரு நீட்டுத் துண்டு எடுத்து, கண்ணாடி மேல 180 நம்பர் எமரி தாளை விரிச்சு, அதுல தேய்ச்சுத் தேய்ச்சு மாட்டிப் பாருங்க, கையால தள்ளினா உள்ள போகணும், துண்டை தலைகீழா கவுத்தா கீழ விழக்கூடாது. ஒரு 150 எம்எம் நீளத்துக்கு தேய்ச்சு ரெண்டா வெட்டிக்குங்க, ஒண்ணை ஜிக்குல ஒட்டுங்க, இன்னொண்ணை பிட்டுக்கும் கீக்கும் நடுவுல நிக்க வச்சு இடைவெளியை செட் பண்ணுங்க. ஸ்கேல் வச்சு அளக்கவே வேண்டாம்.

மரக் கீ நாளாக நாளாக தேயும், மழைக்காலத்துல ஊதும். எனக்குப் பிடிச்சது லேத் பட்டறைக்காரங்க வச்சிருக்கிற சதுர டூல் பிட். கிரைண்ட் பண்ணி வர்ற கடினமான ஸ்டீல், நாலு பக்கமும் வழவழன்னு இருக்கும், கால் இஞ்ச் சைஸ் வாங்கினா 6.35 எம்எம். அதுக்கு ரௌட்டர் பிட்டும் கால் இஞ்ச்தான் இருக்கணும், 6 எம்எம் பிட்டோட சேராது. 6-ம் கால் இஞ்சும் ஒண்ணுதான்னு கடையில சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க, அந்த 0.35 எம்எம் போதும் மொத்த வேலையையும் கெடுக்க.

புதுக் கீ செய்யிற வரைக்கும் இந்தப் பழைய ஜிக்லயே வேலை நடக்கணும்னா, ஒவ்வொரு தடவையும் பலகையை ஒரே பக்கமா கீயோட அமுக்கிப் பிடிச்சு கிளாம்ப் போட்டு வெட்டுங்க. தப்பு ரெண்டு பலகையிலயும் ஒரே மாதிரி விழும், அப்போ ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடும்.

சார், என் ஜிக்ல எல்லா விரலும் ஒரே அளவுதான், ஆனா டைட். கொட்டாப்புளியால தட்டி இறக்கினேன், ஓரத்து விரல் பொளந்துடுச்சு. ஸ்க்ரூவைக் கழட்டி கட்டையைத் தட்டித் தட்டி நகர்த்தினா ஒரு தடவை லூசு, மறுதடவை பழையபடி டைட். இதுக்கு ஒரு வழி சொல்லுங்க.
*வாசகர், சேலம்*

உங்க கீ நல்ல கீ சார், அதை விட்டுடுங்க, இடைவெளிதான் ஒரு மயிரிழை அளவு பெருசா இருக்கு. தட்டி நகர்த்துறது மட்டும் வேண்டாம், 0.1 எம்எம் நகர்த்தணும்னு தட்டுவோம், அது அரை எம்எம் போய் நிக்கும். திருகால நகர்த்துற மாதிரி ஜிக்கை மாத்திக்குங்க, ஒரு சாயங்கால வேலைதான்.

ஜிக்கோட நிமிர்ந்த பலகையை ரெண்டு அடுக்கா செய்யுங்க. பின் அடுக்கு ஸ்லெட்டோட (டேபிள் மேல சறுக்கிப் போற அடிப்பலகை) அசையாம ஒட்டினது. முன் அடுக்குலதான் கீ இருக்கும், அதுல போல்ட் போற ஓட்டையை ரெண்டு இடத்துல பக்கவாட்டுல நீட்டி, 15 எம்எம் நீளத்துக்கு வெட்டிக்குங்க, விங் நட் போட்டு இறுக்கலாம், தளர்த்தலாம். இப்போ கீ இருக்கிற பக்கத்து ஓரத்துல, பின் அடுக்கோட சேர்த்து ஒரு கட்டையை ஒட்டி அதுக்குள்ள ஒரு எம்6 நட்டைப் பதிச்சு, அது வழியா ஒரு போல்ட் முன் அடுக்கோட ஓரத்தைத் தள்ளுற மாதிரி வைங்க. சாதாரண எம்6 போல்ட் ஒரு சுத்துக்கு 1 எம்எம் நகரும். போல்ட் தலையில ஒரு வட்டத் தக்கையை ஒட்டி அதைச் சுத்தி 10 கோடு போட்டீங்கன்னா ஒரு கோட்டுக்கு 0.1 எம்எம், கிட்டத்தட்ட ஒரு ஜெராக்ஸ் பேப்பர் தடிமன். வேற மைக்ரோமீட்டர் எதுவும் தேவையில்ல.

எந்தப் பக்கம் இருந்து வரணும்ங்கிறதுதான் முக்கியம். போல்ட்டால தள்ளத்தான் முடியும், இழுக்க முடியாது, தள்ளினா கீ பிட்டை நோக்கிப் போகும், விரல் மெலியும். அதனால எப்பவும் டைட்டுல ஆரம்பிச்சு, ஒவ்வொரு கோடா தள்ளி, ஒவ்வொரு தடவையும் ரெண்டு வேஸ்ட் துண்டுல வெட்டி மாட்டிப் பாருங்க. தாண்டிப் போய் லூசாயிடுச்சா, ரெண்டு சுத்து பின்னாடி எடுத்து, முன் அடுக்கைக் கையால பின்னுக்குத் தள்ளி, திரும்பவும் டைட்டுல இருந்து வாங்க. பாதியில திருப்பி எடுத்தா மரையில இருக்கிற ஆட்டம் உங்களை ஏமாத்திடும். இறுக்கின பிறகு இன்னொரு தடவை வெட்டிப் பாருங்க, இறுக்குறப்போவும் லேசா நகரும்.

எவ்வளவு லூசு வேணும்னா, காடியை விட விரல் 0.05-ல இருந்து 0.1 எம்எம் மெல்லிசு. கைக்கு எப்படித் தெரியும்னா, ரெண்டு உள்ளங்கையால அமுக்கினா முக்கால்வாசி இறங்கி, கடைசிக்கு லேசா நாலு தட்டு. காய்ஞ்சு இருக்கிறப்பவே அடிச்சு இறக்க வேண்டியிருந்தா, ஃபெவிகால் தடவினதும் அதுல இருக்கிற தண்ணிக்கு விரல் ஊதி பாதியில நின்னுடும், நான் இப்படி ஒரு மாமரப் பெட்டியை ஒட்டு காயறதுக்குள்ள பிரிக்கவும் முடியாம சேர்க்கவும் முடியாம இழந்திருக்கேன். டெஸ்ட் துண்டு நீங்க செய்யப்போற அதே மரமா இருக்கட்டும், பைன் அமுங்கிக் கொடுக்கும், தேக்கு கொடுக்காது.

அண்ணா, எங்கப்பா ஆசாரி. இருக்கிறது ரம்பம், உளி, இழைப்புளி அவ்வளவுதான். ஜிக் வச்சு செய்யிறதெல்லாம் வேலையே இல்லங்கிறார். மெஷின் இல்லாம ஜிக் செய்ய முடியுமா?
*வாசகி, கும்பகோணம்*

முடியும்மா. ஆனா கையால வெட்டுறப்போ உங்களுக்கு ஜிக்கே அவசியம் இல்ல, முதல் பலகையே ரெண்டாவது பலகைக்கு ஜிக். ஒண்ணை வெட்டி சுத்தம் பண்ணிட்டு, அதை ரெண்டாவது பலகையோட முனை மேல அப்படியே படுக்க வச்சு, விரலை ஒட்டி கத்தி முனையால கோடு இழுங்க, பென்சில் வேண்டாம், பென்சில் கோடே அரை எம்எம் இருக்கும். கழிவுப் பக்கம் ரம்பத்தை வச்சு கோட்டைத் தொடாம அறுத்து, நடுவுல இருக்கிறதை ரெண்டு பக்கத்துல இருந்தும் பாதிப் பாதியா உளியால எடுங்க. ஒரே பக்கமா அடிச்சா மறுபக்கம் சிம்பு பேந்துடும், இது அப்பாவுக்கு என்னை விட நல்லாத் தெரியும். உளி அகலத்துக்கே காடியை வச்சுக்குங்க, 12 எம்எம் உளி இருந்தா 12 எம்எம் விரல். ரம்பம் சாயாம இருக்க ஒரு சதுரக் கட்டையை கோட்டோரமா கிளாம்ப் பண்ணி அதுல ரம்பத்தை உரசி அறுத்தீங்கன்னா, அதுவும் ஒரு ஜிக்தானே, அப்பாகிட்ட சொல்லுங்க.

டேபிள் சா இருக்கு, டேடோ பிளேடு (அகலக் காடியை ஒரே தடவையில வெட்டுற பிளேடு செட்) இல்ல. அது வாங்காம சாதாரண பிளேடுலயே பாக்ஸ் ஜாயிண்ட் வெட்டலாமா? காடியோட அடி தட்டையா வரமாட்டேங்குது, ரெண்டு மூலையிலயும் கூரா கோடு விழுது.
*வாசகர், டொராண்டோ*

வெட்டலாம். சாதாரண 10 இஞ்ச் முழு கெர்ஃப் (வெட்டுற அகலம் குறைக்காத) பிளேடு சுமார் 3.2 எம்எம் வெட்டும், அதுக்கு 3.2 எம்எம் கீ போட்டா சின்னச் சின்ன விரலா வரும், நகைப்பெட்டி மாதிரி வேலைக்கு அம்சமா இருக்கும். அந்தக் கூர் கோடு உங்க ஜிக் தப்பு இல்ல, பிளேடு பல்லு ஒண்ணு விட்டு ஒண்ணு இடது வலதுன்னு சரிவா தீட்டியிருக்கும், அதோட முனைதான் மூலையில கூடுதலா கிழிக்குது. பல்லு தட்டையா தீட்டின பிளேடு ஒண்ணு தனியா வாங்கிக்குங்க, டேடோ செட்டை விட செலவு குறைவு.

பெரிய விரல் வேணும்னா, மத்தியாஸ் வாண்டல்னு உங்க கனடாவுல இருக்கிற எஞ்சினியர், அவர் செஞ்ச ஸ்க்ரூ ஜிக்கைப் பாருங்க. அதுல கீயே கிடையாது. மரத்துல வெட்டின பல்சக்கரமும் ஒரு திருகு கம்பியும் பலகையைத் தாங்கின வண்டியை நகர்த்தும், கைப்பிடியை எண்ணி எண்ணிச் சுத்தி, ஒரே பிளேடால ரெண்டு மூணு தடவை வெட்டி எந்த அகலக் காடியும் எடுக்கலாம். கீயே இல்லாததால அதுல வர்ற ஆட்டமும் இல்ல, எனக்கு அதுதான் அந்த டிசைன்ல ரொம்பப் பிடிச்ச விஷயம். ஆனா எண்ணிக்கை தப்பினா பலகை போச்சு, பக்கத்துல யாரும் பேச்சு கொடுக்காத நேரமா பாத்து செய்யுங்க.

விரல் சின்னதா இருந்தா பெட்டி வலுவா, பெருசா இருந்தா வலுவா? பின்பக்கம் பிசிறு பிசிறா பேந்து வருதே, அதுக்கும் சேர்த்து சொல்லிடுங்க.
*வாசகர், காரைக்குடி*

ஒட்டுற பரப்பைக் கணக்குப் போட்டுப் பாப்போம். 60 எம்எம் அகலம், 12 எம்எம் தடிமன் பலகை. 6 எம்எம் விரல்னா மூலையில 9 இடத்துல விரலோட பக்கம் விரலோட பக்கத்தைத் தொடும், ஒவ்வொண்ணும் 12-க்கு 12, மொத்தம் 1296 சதுர எம்எம். 3 எம்எம் விரல்னா 19 இடம், 2736. சும்மா முட்டவச்சு ஒட்டினா 720தான், அதுவும் மரத்தோட தலைப்பக்கம், ஒட்டு சரியா பிடிக்காத இடம். அப்போ சின்ன விரல்தான் வலு, ஆனா அஞ்சறைப் பெட்டிக்கு 6 எம்எம் தாராளம், 3-ல போனா வெட்டுற எண்ணிக்கை ரெண்டு மடங்கு.

பிசிறுக்கு: பலகைக்குப் பின்னாடி இருக்கிற கட்டை அந்தந்த காடியை ஒட்டி இருந்தாத்தான் நாரைத் தாங்கும். ஜிக்கை செட் பண்ணப் பண்ண அந்த ஓட்டை பெருசாகிட்டே போகும், அங்கதான் பேந்து வருது. அதனால செட்டிங் முடிஞ்ச பிறகு 4 எம்எம் எம்டிஎஃப் துண்டு ஒண்ணை டபுள் டேப்ல புதுசா ஒட்டி, கீக்கு மட்டும் ஓட்டை விட்டு, அப்புறம் நிஜ வேலையை ஆரம்பிங்க. பெட்டியோட வெளிப்பக்கம் முன்னால, பிட் நுழையிற பக்கமா இருக்கட்டும். அகலத்தையும் முதல்லயே 60-ன்னு வெட்டிடாதீங்க, 65 வச்சு விரல் வெட்டிட்டு கடைசியில ஓரத்தை அறுத்துக்குங்க, அப்பத்தான் அரை விரல் அசிங்கமா தொங்காது.

என் பையனுக்கு 12 வயசு, நான் ஜிக் தள்ளுறப்போ கூடவே நிக்கிறான். அவனையும் தள்ள விடலாமா?
*வாசகர், தூத்துக்குடி*

இப்ப வேண்டாம் சார். பலகையை முழுசா வெட்டி முடிச்சதும் பிட்டோ பிளேடோ ஜிக்கோட பின்பக்கம், கரெக்டா நம்ம கட்டைவிரல் பிடிக்கிற இடத்துல வெளிய வரும், வேலை மும்முரத்துல யாருக்கும் அது கண்ணுல படாது. அந்த இடத்துல 50 எம்எம் தடிமனுக்கு ஒரு கட்டையை ஒட்டி சிவப்பு பெயிண்ட் அடிங்க, ஸ்லெட் அதைத் தாண்டி ஓடாதபடி டேபிள்ல ஒரு ஸ்டாப்பும் போடுங்க, கை பிடிக்க ரெண்டு ஓரத்துலயும் தனியா பிடி வைங்க. பலகையைக் கையால பிடிக்காம கிளாம்ப்ல பிடிங்க, பிட் பக்கவாட்டுல இழுக்கும். கையுறை போடாதீங்க, கண்ணாடியும் மாஸ்க்கும் ரெண்டு பேரும் போடுங்க. பையன்கிட்ட வெர்னியரைக் கொடுத்து ஒவ்வொரு டெஸ்ட் துண்டையும் அளந்து நோட்டுல எழுதச் சொல்லுங்க, காடி, கீ, இடைவெளின்னு மூணு கட்டம் போட்டு.