பதில்: ரப்பர் ரோலருக்கு ஆன்லைனில் முன்பணம் கட்டலாமா?

அண்ணே, ஷீட் அடிக்கிற ரோலர் பாதி விலைக்குத் தருகிறோம், முதலில் 15,000 ரூபாய் அனுப்புங்கள் என்று ஒரு தளம் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். இன்னும் அனுப்பவில்லையே? அனுப்பாதீர்கள்.

நீங்கள் தந்த தள முகவரியை, அது எப்போது பதிவானது என்று காட்டும் ஐகேன் லுக்கப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். தளத்தில் '1994 முதல் மார்த்தாண்டத்தில்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. டொமைன், அதாவது தளத்தின் பெயர், பதிவானதோ போன மாதம்தான், அதுவும் ஒரே வருடத்துக்கு. பழைய கடை இப்போதுதான் தளம் திறந்தது என்றும் இருக்கலாம், சரி. அப்படியானால் '2016 முதல் ஆன்லைன் விற்பனை' என்று கீழே ஏன் போட வேண்டும்?

நீங்களும் ஒருமுறை பாருங்கள். 'கிரியேட்டட்' தேதியைத்தான் பார்க்க வேண்டும். 'அப்டேட்டட்' தேதி டொமைனைப் புதுப்பித்தாலே மாறிவிடும். அப்புறம், டொமைன் பழசு என்பதற்காகவும் நம்பிவிட முடியாது. கைவிடப்போகும் பெயரை ஏலத்தில் எடுத்தால் பெரும்பாலும் பழைய தேதியே நிற்கும். தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் அதே முகவரியைப் போட்டால், முன்பு அங்கே ரோலர் விற்றார்களா, வேறு எதையாவதா என்று பல நேரம் தெரிந்துவிடும்.

ஜிஎஸ்டி எண்ணையும் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும், கேரளா 32. ஜிஎஸ்டி தளத்தில் தேடினால் பெயரும் பதிவான தேதியும் வரும்.

குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டம் என்ன தூரமா? 'நேரில் வந்து பார்த்துவிட்டுப் பணம் தருகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், என்ன சாக்கு வருகிறதென்று தெரியும்.

வீட்டில் வேறு யாராவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.