பினாங்குக்கு இப்போதே அனுப்பலாமா? ஒரு ஆச்சிக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஆச்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மகளும் வந்துபோன பிறகு, உங்கள் தம்பி பினாங்கிலிருந்து அனுப்பிய அந்தச் செய்தியை இரண்டு மூன்று முறை படித்துவிட்டேன். "மலேசியா சிப் தொழிலில் 50,000 கோடி ரிங்கிட் முதலீடு திரட்டப்போகிறது, 60,000 இன்ஜினியர் தேவை." அம்மான் அங்கேயே இருக்கிறார், அங்கேயே ஒரு காலேஜில் சேர்த்துவிட்டால் படிப்பு முடிந்த கையோடு வேலை என்று சொன்னீர்கள். வாசற்படி இறங்கும்போது திரும்பி, "வீட்டுப் பத்திரத்தைத்தான் வைக்கணும், அதான் யோசனையா இருக்கு" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது அனுப்ப வேண்டாம். பினாங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலைந்து வருஷம் கழித்து, கையில் ஒரு தொழிலோடு, கம்பெனி டிக்கெட்டில் போகட்டும். உங்கள் பத்திரத்தில் வேண்டாம்.

தம்பி அனுப்பிய செய்தி பொய்யில்லை. 2024 மே மாதம் மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராகிம் தேசிய செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்தார். அந்த 50,000 கோடி ரிங்கிட் அரசு எடுத்துவைத்த பணம் இல்லை. உள்ளூர், வெளியூர்க் கம்பெனிகளிடமிருந்து வரவேண்டும் என்று வைத்திருக்கும் இலக்கு. அரசு தன் பங்காகச் சொன்னது சுமார் 2,500 கோடி ரிங்கிட். நம் வீடுகளில் கணக்கு தெரிந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. வரவேண்டிய பாக்கி வேறு, பெட்டியில் இருக்கும் ரொக்கம் வேறு.

அடுத்தது அந்த 60,000. செய்தியில் "இன்ஜினியர்கள்" என்று மட்டும் இருக்கிறது. திட்டத்தில் இருப்பது "மலேசியப் பொறியாளர்கள் 60,000 பேருக்குப் பயிற்சி". தங்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் போட்டுவைத்த பந்தி அது. தப்பே இல்லை, எந்த நாடும் அப்படித்தான் செய்யும். ஆனால் நம் பிள்ளையை அதில் ஒரு இலையாக நாமே எண்ணிக்கொள்ளக் கூடாது. படிப்பு முடித்த வெளிநாட்டுப் பெண்ணுக்கு அங்கே வேலை அனுமதி வேண்டுமானால், ஒரு கம்பெனி அவள் பேருக்கு விண்ணப்பிக்க வேண்டும், சம்பளம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருக்க வேண்டும், அனுமதியும் அந்தக் கம்பெனியோடு கட்டப்பட்டது. புதிதாகப் படித்து வெளியே வரும் அவர்கள் ஊர்ப் பிள்ளைகளே வரிசையில் நிற்கும்போது, அனுபவமில்லாத நம் பிள்ளைக்காக எந்தக் கம்பெனி அந்த அலைச்சலைப் படும்?

அப்படியானால் வெளிநாட்டாருக்கு அங்கே இடமே இல்லையா? இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள பினாங்கின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும்.

நம்மவர்களுக்குப் பினாங்கு என்றால் தண்ணீர்மலை முருகன் கோயிலும் தைப்பூச வெள்ளி ரதமும் நகரத்தார் தங்கிக் கடை வைத்த கிட்டங்கியும்தான். அதே தீவின் தென்பக்கம் பாயான் லெப்பாஸ் என்ற இடத்தில் 1972-இல் மலேசியாவின் முதல் தடையற்ற வர்த்தக மண்டலம் திறந்தது. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் தொழிற்சாலை அங்கேதான். ஏஎம்டி, ஹியூலட் பேக்கார்டு, ஹிட்டாச்சி, பாஷ் என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை "எட்டு சாமுராய்" என்று இன்றும் சொல்வார்கள். வேறு நாட்டில் செய்த சிப்பைக் கொண்டுவந்து, வெட்டி, பொதிந்து, சோதித்து அனுப்பும் வேலையில் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டில் உலகத்தில் நடக்கும் அந்தப் பொதிதல், சோதனை வேலையில் சுமார் 13 சதவீதம் மலேசியாவுக்கு வந்துவிட்டது.

இப்போதைய திட்டம், அந்த வேலையோடு நின்றுவிடாமல் மேலே ஏற வேண்டும் என்பது. பொதிதலிலேயே உயர்ந்த வகை, சிப் வடிவமைப்பு, மின்வாகனத்துக்கான சிலிக்கன் கார்பைடு சிப். கெடா மாநிலத்துக் கூலிமில் ஜெர்மனியின் இன்பினியான் 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு ஆலையைத் திறந்தது. 2025 மார்ச்சில் மலேசிய அரசு பிரிட்டனின் ஆர்ம் கம்பெனியோடு பத்து ஆண்டில் 25 கோடி டாலர் கொடுக்கும் ஒப்பந்தம் போட்டது; வடிவமைப்பு நுட்பமும் 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சியும் அதற்குக் கைமாறு. இதிலிருந்தே தெரியவில்லையா, பங்காளியாக வெளிநாட்டானை எப்போது கூப்பிடுகிறார்கள் என்று? தங்களிடம் இல்லாத ஒன்று அவன் கையில் இருக்கும்போது. ஆர்முக்கு அது வடிவமைப்பு. இன்பினியானுக்கு அது ஆலை நடத்தும் வித்தை. உங்கள் மகள் கையில் இன்றைக்கு இருப்பது +2 மார்க் ஷீட்.

கடல் தாண்டிக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன நம் ஐயாக்கள் யாரும் வெறுங்கையோடு கப்பல் ஏறவில்லை. இங்கே பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, பேரேடு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, அப்புறம்தான் மூன்று வருஷக் கணக்குக்குக் கடைக்குப் போனார்கள். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீட்டு முகப்பில் படமாக மாட்டியிருக்கும்.

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியும் இங்குள்ள கம்பெனியும் சேர்ந்து பெரிய சிப் ஆலை கட்டப்போவதாகத் தலைப்புச் செய்தி வந்தது. அதை நம்பி, என்னிடம் யோசனை கேட்ட ஒரு பையனிடம் கிடைத்திருந்த மெக்கானிக்கல் சீட்டை விடச் சொல்லி, பேருக்கு "செமிகண்டக்டர்" ஒட்டிய தனியார் சான்றிதழ் படிப்பில் சேர வைத்தேன். இரண்டு கம்பெனியும் பிரிந்துவிட்டன, ஆலை வரவில்லை. பையன் ஒரு வருஷத்தை இழந்தான். அவன் அப்பச்சி இன்றும் என்னைப் பார்த்தால் தலையாட்டிவிட்டுப் போவார், பேசமாட்டார். மெக்கானிக்கல் படித்திருந்தால் எந்த ஆலை வந்தாலும் போனாலும் அவனுக்கு வேலை இருந்திருக்கும். அன்றிலிருந்து ஒப்பந்தச் செய்தியைப் பார்த்து யாருக்கும் படிப்பு சொல்வதில்லை.

சரி, மகள் என்ன படிக்கலாம்?

நீங்களும் நானும் பேசிக்கொண்டிருந்த முக்கால் மணி நேரத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். சிக்ரி ஆய்வகத்தில் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே விட்ட அன்றைக்குப் பார்த்தாளாம், தொட்டிக்குள் வைத்த தகட்டில் செம்பு படிந்ததை. "அது எப்படி எல்லா இடத்துலயும் ஒரே கனமா ஒட்டுது சார்?" என்றாள். நீங்கள் "சும்மா இரு" என்று அதட்டினீர்கள். ஆச்சி, அவளுடைய அந்தக் கேள்விக்கு உலகத்துச் சிப் ஆலைகள் கோடி கோடியாகக் கொட்டுகின்றன.

சிப்புக்குள்ளே கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களை இணைக்கும் கம்பிகள் முன்பெல்லாம் அலுமினியத்தில் இருந்தன. 1997-இல் ஐபிஎம் செம்புக்கு மாறப்போவதாக அறிவித்தது. செம்பை அலுமினியம் மாதிரி மேலே பூசிவிட்டு அரித்தெடுக்க முடியாது. அதனால் முதலில் சிலிக்கன் தகட்டில் நுண்ணிய வாய்க்கால்களை வெட்டி, அந்தத் தகட்டைச் செம்புக் கரைசலில் மூழ்கவைத்து மின்சாரம் செலுத்தி, வாய்க்காலின் அடியிலிருந்து மேலாக நிரப்புகிறார்கள். கரைசலில் துளித்துளியாகச் சேர்க்கும் வேதிப்பொருள்களில் ஒன்று செம்பு படிவதை வேகப்படுத்தும், இன்னொன்று தடுக்கும். அந்த அளவு கொஞ்சம் பிசகினாலும் நடுவில் ஓட்டை விழுந்து சிப் வீண். நம் ஊர்ப் பட்டறையில் முலாம் பூசுகிறார்களே, அதே மின்வேதியியல்தான். அதன் கொள்ளுப்பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பை உட்காரவைக்கும் அடித்தளப் பலகைகளிலும் அடுக்கடுக்காகச் செம்பு முலாம்தான்.

அந்த மின்வேதியியலுக்கென்றே நாட்டில் இருக்கும் ஆய்வகம் எங்கே இருக்கிறது? காரைக்குடியில், மகள் பார்த்துவந்த அதே சிக்ரிதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. அங்கேயே வேதி, மின்வேதிப் பொறியியல் என்று ஒரு பி.டெக் 1988 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடக்கிறது. தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் தூரத்தில் இதை வைத்துக்கொண்டு நாம் கடல் தாண்டி விலாசம் தேடுகிறோம். என் முதல் யோசனை இதுதான். அங்கே இடம் கிடைக்காவிட்டால் கெமிக்கல் இன்ஜினியரிங். அதுவும் இல்லையென்றால் அரசு அல்லது உதவிபெறும் கல்லூரியில் இசிஇ, மெக்கானிக்கல். பக்கத்திலேயே அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லாவிட்டால் சிப் துறைக்குள் போக முடியாது என்று தெருவில் பேசிக்கொள்வதை விட்டுத்தள்ளுங்கள். ஆலைக்குள் நிற்பவர்களில் பெரும்பாலானோர் வேதியியல், இயற்பியல், இயந்திரம், மின்சாரம் படித்தவர்கள்.

இங்கேயும் வேலை வருமா என்று கேட்பீர்கள். மலேசியா 1972-இல் தொடங்கிய இடத்தில் நாம் இப்போதுதான் நிற்கிறோம். 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. குஜராத்தின் சானந்தில் அமெரிக்காவின் மைக்ரான், அதே ஊரில் ஜப்பானின் ரெனசாஸ் பங்கோடு சிஜி பவர், அசாமின் ஜாகிரோடில் டாடாவின் பொதிதல் ஆலை, தொலேராவில் தைவானின் பிஎஸ்எம்சி நுட்பம் கொடுக்க டாடா கட்டும் 91,000 கோடி ஆலை. தமிழ்நாடும் 2025 பட்ஜெட்டில் 500 கோடியில் செமிகண்டக்டர் இயக்கம் 2030 என்று அறிவித்தது. எல்லாம் சொன்ன தேதியில் முடியும் என்று நான் கையடித்துத் தரமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இங்கே வெளிநாட்டுப் பங்காளி நுட்பத்தைக் கொண்டுவர வேண்டும் என்றால், நம் ஆள்களுக்குத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். டாடா தன் பொறியாளர்களைத் தைவானுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறது. அந்த ரகப் பயணம்தான் நான் சொன்ன கம்பெனி டிக்கெட்.

அப்படி மூன்று நான்கு வருஷம் ஆலையில் நின்ற பிறகு பினாங்கு அவளைத் தேடும். அப்போது அவள் போவது அவர்களிடம் குறைவாக இருக்கிற ஒன்றைக் கொண்டுபோகிற ஆளாக. பட்டத்துக்கு அங்கே மதிப்பு உண்டா என்ற சந்தேகத்தையும் இப்போதே தீர்த்துவிடலாம். பொறியியல் பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்பாட்டில் மலேசியா 2009-இலும் இந்தியா 2014-இலும் சேர்ந்தன. ஆனால் நம் ஊரில் எல்லாப் பட்டத்துக்கும் அது கிடையாது. என்பிஏ என்கிற தேசிய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்குத்தான். கல்லூரி கேட்டில் தொங்கும் "என்பிஏ" போர்டைப் பார்த்துத் திருப்திப்படாமல், எந்தப் பிரிவுக்கு, எந்த அடுக்கு, எந்த வருஷம் வரை என்று அலுவலகத்தில் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

தம்பியிடம் கோபப்பட வேண்டாம். நல்ல மனசில்தான் சொன்னார். அவர் வியாபாரி என்பதால் அவருக்கும் ஒரு யோசனை: அந்த மலேசியத் திட்டத்தில் ஆள் வேலையைவிடச் சின்னக் கம்பெனிகளுக்கான இடம்தான் நமக்குச் சுவையானது. ஆலைகளுக்கு வேதிப்பொருள், துல்லிய உதிரிபாகம், கருவி சரிபார்ப்பு என்று சப்ளை செய்வோர் வேண்டும். கோயம்புத்தூரிலும் ஓசூரிலும் அதைச் செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஆள் தெரிந்தவர் நடுவில் நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். வேண்டுமானால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

மகள் இதையெல்லாம் கேட்டும் மலேசியாவில்தான் படிப்பேன் என்றால், மூன்று கேள்விக்கு அந்தக் கல்லூரியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பாடப்பிரிவுக்கு மலேசியப் பொறியாளர் அவையின் அங்கீகாரம் இருக்கிறதா, படிப்போடு சேர்ந்த தொழிற்சாலைப் பயிற்சியில் வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பார்களா, போன வருஷம் முடித்த இந்திய மாணவர்களில் எத்தனை பேருக்கு அங்கேயே வேலை அனுமதி கிடைத்தது. மூன்றாவதற்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். வாய்வழியாக ஏஜென்ட் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு பிள்ளையைச் சேர்த்தால் அவருக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். பத்திரத்தை வீட்டிலேயே வையுங்கள். மகள் அந்தத் தகட்டுக் கேள்வியைத் தாளில் எழுதிக் கொண்டுவரட்டும். சிக்ரியில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார், வரச் சொல்லியிருக்கிறேன். அவள் பேசும்போது இந்தத் தடவை நீங்கள் குறுக்கே பேசக் கூடாது.