கழிவுநீர் நிலையத்தின் மின்சிக்கனத்தை எப்படி அளப்பது?

பினாங்கு ஜெலுத்தோங்கில் இருப்பதைப் போன்ற ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் மின்சிக்கனத்தை, ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோவாட் மணி செலவாகிறது என்பதை மட்டும் வைத்துச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது, நம் ஊரில் ஒரு நாள் மழை கொட்டினாலே அந்த எண் ஏமாற்றிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். வெயில் நாளில் வரும் 1,000 கன மீட்டர் கழிவுநீரில், நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவாகிய பிஓடி, லிட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து மலேசியாவின் 'ஏ' தர வரம்பான 20-க்குக் குறைய 400 கிலோவாட் மணி செலவாகிறது என்று கொள்வோம். கன மீட்டருக்கு 0.4, அகற்றிய 230 கிலோ பிஓடியில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.7. மறுநாள் மழைநீர் குழாய்களுக்குள் கசிந்து, வரத்து 2,000 கன மீட்டராகப் பெருகி, பிஓடி 125 ஆக நீர்த்து, அதையும் 20-க்குக் குறைக்கும் செலவு 500 ஆனால், முதல் எண் 0.25 என்று அழகாக இறங்கிவிடும், இரண்டாவதோ 2.4 ஆக ஏறும். நான் நம்புவது இரண்டாவதைத்தான்.

காற்றூட்டும் புளோயர்களுக்குத் தனி மீட்டர் பொருத்துவது அதைவிட முக்கியம், ஏனெனில் பெரும்பாலான நிலையங்களில் பாதி மின்சாரம் அங்கேதான் போகிறது. தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் இருந்தாலே பொதுவாகப் போதும் என்னும்போது, மானி 5 காட்டினால், மீதிக் காற்று வெறும் குமிழிதான்.