ராமிப்ரில், டெல்மிசார்டன்: என்ன வித்தியாசம்?

ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் சாப்பிட்டு வந்தேன், இப்போது டெல்மிசார்டன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றல்ல, ஆனால் நெருங்கிய சொந்தம். ரத்தக்குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் பொருள் ஆஞ்சியோடென்சின் 2. அதை உருவாக்கும் ஏசிஇ என்ற நொதியை ராமிப்ரில் தடுக்கிறது. டெல்மிசார்டனோ ஆஞ்சியோடென்சின் 2 போய் ஒட்டும் ஏற்பியை அடைத்துவிடுகிறது.

சரி, இதனால் என்ன? அதே நொதிதான் உடலில் உருவாகும் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. நொதி முடங்கினால் பிராடிகைனின் தேங்கி, சிலருக்குச் சளியே இல்லாத வறட்டு இருமல் விடாமல் வரும். இருமல் மருந்து எவ்வளவு குடித்தாலும் கேட்காது. மாத்திரையை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும். உங்களுக்கும் இதற்காகவே மாற்றியிருக்கலாம். உதடு, நாக்கு வீங்கினால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அழுத்தத்தைக் குறைப்பதில் இரண்டும் ஏறக்குறைய சமம். இரண்டிலும் பொட்டாசியம் ஏறலாம், கர்ப்பத்தில் இரண்டுமே ஆகாது. அப்புறம், மிச்சமிருக்கும் ராமிப்ரிலைப் புதியதோடு சேர்த்துப் போடாதீர்கள். 2008இல் வெளியான ஆன்டார்கெட் ஆய்வில், இந்த இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின.