பயிற்சி கொடுத்தும் ஸ்பாம் வடிகட்டி ஏன் கற்றுக்கொள்வதில்லை?

புறக்கோட்டையிலுள்ள உங்கள் அலுவலகச் சேவையகத்தில், ஸ்பாம் அசாசின் என்ற வடிகட்டி மென்பொருளுக்கு நூற்றுக்கணக்கான குப்பை மடல்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்தும் அவை இன்னமும் உள்பெட்டிக்கே வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மடலைக் குப்பை என்று தீர்மானிக்கும் புள்ளி வரம்பான 5ஐக் குறைத்துவிடாதீர்கள். வாடிக்கையாளரின் விலைக்கோரல்தான் முதலில் பலியாகும்.

தப்பி வந்த மடலொன்றின் முழுத் தலைப்பகுதியைத் திறந்து, வடிகட்டியின் முடிவைக் காட்டும் 'எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ்' (X-Spam-Status) வரியைப் பாருங்கள். 'பேயெஸ்' (BAYES) என்று தொடங்கும் விதி எதுவும் அதில் இல்லையென்றால், கற்றல் தரவுத்தளம் பயன்படவே இல்லை என்று பொருள். குப்பை 200, நல்லவை 200 என இரு பக்கமும் சேரும்வரை அது வாய் திறக்காது. நல்ல மடல்களையும் கற்பிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னொரு காரணத்தை, வெள்ளவத்தையில் ஒரு சிறு நிறுவனத்துக்காக ஒரு நாள் முழுவதும் தேடிய பிறகே கண்டுபிடித்தேன்: நான் ரூட் (தலைமை நிர்வாகி) பயனராக இருந்து பயிற்சி கொடுத்திருக்க, மடல்களை வாங்கி ஸ்பாம் அசாசினைக் கொண்டு சோதித்த அமாவிஸ் என்ற மென்பொருளோ தன் சொந்தக் கணக்கின் வெற்றுத் தரவுத்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பயனராக மாறி மீண்டும் கற்பித்ததும் ஏறக்குறைய உறுதியான குப்பை என்று சொல்லும் 'பேயெஸ்_99' வரத் தொடங்கியது.

அதே வரியில் 'யூஆர்ஐபிஎல்_பிளாக்ட்' (URIBL_BLOCKED) தென்பட்டால், மடலிலுள்ள இணைப்புகளைச் சரிபார்க்கும் கறுப்புப் பட்டியல் உங்கள் வினவல்களை மறுக்கிறது என்று பொருள். 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ்ஸை விட்டு, சேவையகத்திலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை நிறுவி, வினவல்களை வேறெங்கும் அனுப்பாமல் அதையே நேரடியாகத் தேடவிடுங்கள்.