கதையில்லாத நகரப் படங்களை வகுப்பில் காட்டுவது எப்படி?

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு ஊடகக் கற்கை படிப்பிக்கிறேன். 1920களில் வந்த நகரப் படங்களை, அதாவது ஒரு நகரத்தின் அன்றாட வாழ்க்கையையே பொருளாக்கிய மௌனப் படங்களை, பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. இரண்டு பாடவேளை, 80 நிமிடம்தான் கிடைக்கும். கதையும் இல்லை, பேச்சும் இல்லை. தூங்கிவிடுவார்களோ என்று பயம். எதை, எப்படிக் காட்டலாம்?

பதில்: முழுப் படத்தைப் போட்டால் தூங்கத்தான் செய்வார்கள், டீச்சர். முதல் தடவை நானும் தூங்கியவன்தான். துண்டு துண்டாகக் காட்டுங்கள்.

தொடங்குவதற்கு என் தெரிவு யோரிஸ் இவென்ஸ் 1929இல் எடுத்த ‘மழை’. பன்னிரண்டு நிமிடம் அளவில் முடிந்துவிடும். ஆம்ஸ்டர்டாம் நகரில் காற்று கிளம்புகிறது, கால்வாய்த் தண்ணீரில் துளி விழுகிறது, குடைகள் விரிகின்றன, டிராம் கண்ணாடியில் நீர் வழிகிறது, அப்புறம் வெறிக்கிறது. அவ்வளவுதான் படம். பல நாட்கள் பெய்த மழைகளைக் கையடக்கக் கேமராவில் பிடித்து, ஒரே மழை போல ஒட்டியிருக்கிறார். மழை ஓயாத வட்டவளைப் பக்கத்துப் பிள்ளைக்கு மழையை யாரும் விளக்கத் தேவையில்லை. “இது ஒரே மழையா, பல மழையா?” என்று மட்டும் கேளுங்கள். படத்தொகுப்புப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

அடுத்து வால்டர் ருட்மனின் ‘பெர்லின்: ஒரு மாநகரின் சிம்பொனி’ (1927). ஐந்து அங்கங்களில் முதல் அங்கம் போதும். விடியற்காலையில் ஒரு ரயில் நகரத்துக்குள் பாய்ந்து வருகிறது. கடிகாரம் ஐந்து மணி காட்டுகிறது. வெறுந்தெரு, ஒரு பூனை, பிறகு ஒவ்வொருவராக ஆட்கள். இரவு ரயிலில் போய் விடியுமுன் கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கியவர்கள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களைப் பேச விடுங்கள். வேலைக்குப் போகிறவர்களின் கால்களுக்கு நடுவே ருட்மன் மாடுகளின் கால்கள் தெரியும் காட்சியை ஒட்டியிருப்பார். அது நகைச்சுவையா, இகழ்ச்சியா? பெரட்டுக்களத்தில், அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், நின்றவர்களின் பிள்ளைகள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்க எனக்கே ஆசை. பின்னால் ஒரு பெண் பாலத்திலிருந்து குதிக்கும் நடித்த காட்சி வரும். முழுப் படத்தையும் பிறகு காட்ட நினைத்தால் முதலில் நீங்கள் தனியே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, ஸீகா வெர்தோவின் ‘கேமராவோடு ஒரு மனிதன்’ (1929). ஒரே நகரம் போலத் தெரியும். மொஸ்கோ, கியேவ், ஒடெசா என்று பல ஊர்களில் எடுத்தது. இதில் பத்து நிமிடம்தான் உங்களுக்கு வேண்டும். ஓடும் குதிரை வண்டியில் பெண்கள் போகிறார்கள், இன்னொரு வண்டியிலிருந்து கேமராக்காரர் அவர்களைப் படம் பிடிக்கிறார். திடீரென்று குதிரை அப்படியே உறைந்து நிற்கிறது. அடுத்து ஃபிலிம் சுருள்கள், அவற்றைப் பார்த்து வெட்டுகிற எலிசவேத்தா ஸ்விலோவா. இந்தப் படத்தையே தொகுத்தவர் அவர்தான். நாம் பார்ப்பது நகரமா, நகரத்தைப் பார்க்கும் ஒருவரின் வேலையா என்ற குழப்பத்தை இவ்வளவு துணிச்சலாக உண்டாக்கிய படம் அப்போது குறைவு. டிக்டொக் பார்க்கிற பிள்ளைகளுக்கு வெட்டின் வேகம் புதிதில்லை. அது எங்கே வெட்டப்படுகிறது என்று நின்று பார்ப்பதுதான் புதிது. இதிலும் உண்மையான பிரசவக் காட்சி ஒன்று வருவதால் துண்டைக் கவனமாகத் தெரியுங்கள்.

சத்தம் பற்றி: அந்தக் காலத்தில் மௌனப் படம் பெரும்பாலும் இசையோடுதான் ஓடியது. ருட்மன் படத்துக்கு எட்மண்ட் மைசல் தனியாக இசை எழுதினார். நீங்கள் ஸ்பீக்கரை மூடிவிட்டு, தப்பு என்ற பறை அடிக்கத் தெரிந்த மாணவர் ஒருவரைத் திரைக்குப் பக்கத்தில் இருத்துங்கள். ரயிலுக்கு ஓர் அடி, வெறுந்தெருவுக்கு ஓர் அடி. ஒரு காலத்தில் விடியலில் தோட்டத்தை எழுப்பியதே தப்புதானே. அந்த நாளை அளந்த தாளம் இந்த நாளுக்கும் பொருந்துகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். ஆட்கள் எறும்பு போலத் துடித்து ஓடினால் பிரதி தவறான வேகத்தில் இருக்கிறது, வேறு பிரதி தேடுங்கள். மல்டிமீடியா புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்தால் திரைச்சீலையும் கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் சுவரில் கறுப்பு வெள்ளை எடுபடாது.

மிச்சமிருக்கும் நேரத்துக்கு நகரத்தை விட்டு வெளியே வாருங்கள். பசில் ரைட் இயக்கிய ‘இலங்கையின் பாடல்’ (1934) தேயிலைப் பிரசார சபைக்காக எடுத்தது. அதன் மூன்றாம் பகுதியில், இங்கே உழைக்கிறவர்களின் படங்கள் மேல் ஏற்றுமதியும் விலையும் பேசும் வணிகக் குரல்கள் கேட்கும். மற்றப் படங்களில் நகரம் தெரியும், இதில் நகரம் கேட்கும். இதற்கு மட்டும் தப்பை நிறுத்திவிட்டு ஸ்பீக்கரைத் திறங்கள்.